வெட்டி எடுத்த இடத்திலேயே மருந்தை வையுங்கள்

“எல்லாத்தையும் வெட்டி எடுத்திட்டினமாம். இனிப் பிரச்சினை இல்லையாம்.”

இந்த வசனத்தை நீங்கள் ஒரு தடவையாவது கேட்டிருப்பீர்கள். யாரோ ஒரு மாமாவுக்குப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சை முடிந்த அன்று இரவு, ரொறன்ரோவிலிருந்து லண்டனுக்கும் லண்டனிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும் இது ஃபோனில் ஓடும். கொஞ்சக் காலம் கழித்து அதே ஃபோன்களில் இன்னொரு வசனம் ஓடும். “திரும்ப வந்திட்டுதாம்.” இதை மட்டும் குரலைத் தாழ்த்திச் சொல்லுவார்கள். நோயின் பெயர் வாயில் வராது.

முதல் வசனம் பொய் என்று நான் சொல்லவில்லை. சத்திரசிகிச்சை நிபுணர் கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்திருப்பார். கண்ணுக்குத் தெரியாததை அவர் எப்படி எடுப்பது? சுண்டுவிரல் நகமளவு கட்டிக்குள்ளேயே கலங்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. விளிம்பில் சில ஆயிரம் தப்பினால் போதும், நோய் திரும்பத் தொடங்கும். பல புற்றுநோய்களில் அது திரும்பி வருவது எங்கேயோ தூரத்தில் அல்ல, வெட்டிய இடத்தின் ஓரத்தில்தான். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோயை எடுங்கள். மிகப் பெரும்பாலானவர்களுக்கு அது பழைய கட்டியின் விளிம்பிலிருந்து இரண்டு சென்ரிமீற்றருக்குள் மறுபடி முளைக்கிறது.

எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான் என்று தெரிகிறது. எப்போது மிகப் பலவீனமாக இருக்கிறான் என்றும் தெரிகிறது: வெட்டி முடித்த அந்தச் சில மணித்தியாலங்கள். அப்படியிருக்க நாங்கள் என்ன செய்கிறோம்? காயம் ஆறட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். பிறகு கையில் ஊசி குத்தி, உடம்பு முழுக்க ஓடுகிற ஐந்து லீற்றர் இரத்தத்தில் நஞ்சைக் கலந்து, அதில் கொஞ்சமாவது அந்த விளிம்புக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறோம். முடி கொட்டுகிறது, வாந்தி வருகிறது, வெள்ளைக் குருதிக்கலங்கள் சரிகின்றன. இவ்வளவுக்கும் பிறகு விளிம்புக்குப் போனது எவ்வளவு? என்னுடைய அப்பா ஊரில் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியவர். ஒரு பாத்தி காய்ந்து கிடந்தால் அந்தப் பாத்திக்குத்தான் வாய்க்காலைத் திருப்பி விடுவார்கள். ஊர் முழுவதையும் வெள்ளத்தில் விடமாட்டார்கள்.

இரத்தத்தில் கலந்து கொடுக்கும் கீமோ தேவையில்லை என்று யாரும் விளங்கிக்கொள்ள வேண்டாம். நோய் பரவியிருந்தால், பரவியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால், அது வேண்டும். என்னுடைய சண்டை வேறு. மருந்தை எந்த இடத்தில், எந்த நேரத்தில் வைப்பது என்ற கேள்வியை நாங்கள் எல்லோரும் இரண்டாந்தரமாக நடத்துகிறோம். பத்திரிகை அப்படி நடத்துகிறது, முதலீட்டாளர் அப்படி நடத்துகிறார், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையும் அப்படித்தான் நடத்துகிறது. “புது மருந்து கண்டுபிடித்தார்கள்” என்றால் செய்தி. “பழைய மருந்தைச் சரியான இடத்தில் வைத்தார்கள்” என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதனால் ஆட்கள் சாகிறார்கள், அல்லது தேவையில்லாமல் திரும்பத் திரும்ப வெட்டப்படுகிறார்கள்.

ஒரு பொறியியலாளரின் கதையைச் சொல்கிறேன். ரொபேர்ட் லாங்கர். 1974 இல் எம்.ஐ.ரி.யில் இரசாயனப் பொறியியலில் கலாநிதிப் பட்டம் முடித்தார். அது எண்ணெய் நெருக்கடிக் காலம். எண்ணெய்க் கொம்பனிகள் அவருக்கு இருபது வரையான வேலைகளை நீட்டின. எங்கள் வீடுகளில் என்றால் அன்றைக்கே கோயிலில் அர்ச்சனை. அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பொஸ்டன் சிறுவர் வைத்தியசாலையில் ஜூடா ஃபோக்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் ஆய்வுகூடத்துக்குப் போனார். பெரிய மூலக்கூறுகளைப் பொலிமருக்குள் அடைத்து, அவை மெதுவாகக் கசியும்படி செய்யலாம் என்று இருவரும் 1976 இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் காட்டினார்கள். முடியாது என்று அதுவரை பலர் அடித்துச் சொன்ன விடயம் அது. இவர் பொறியியலாளர், இவருக்கு உயிரியல் என்ன தெரியும் என்ற தொனி பல வருடங்கள் இருந்தது. தன்னுடைய முதல் ஒன்பது ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களும் நிராகரிக்கப்பட்டன என்று லாங்கரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

அந்தப் பாதையில் வந்ததுதான் கிலியாடெல். லாங்கரும் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹென்றி பிரெமும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். பார்த்தால் ஒரு வெள்ளை வில்லை. 14.5 மில்லிமீற்றர் அகலம், ஒரு மில்லிமீற்றர் தடிப்பு, எங்கள் பத்துச் சதக் காசைவிடச் சின்னது. அதற்குள் 7.7 மில்லிகிராம் கார்முஸ்டின். அது புது மருந்தே இல்லை, ஏற்கெனவே நாளத்தில் ஊசியாக ஏற்றிவந்த மருந்து. மூளைக் கட்டியை எடுத்த பிறகு, அந்தக் குழியின் சுவரில் எட்டு வில்லைகள் வரை ஒட்டிவிட்டு மண்டையை மூடுவார்கள். பொலிமர் சவர்க்காரக் கட்டி கரைவதுபோல வெளிப்பக்கத்திலிருந்து கரையும். இரண்டு மூன்று வாரத்துக்கு மருந்து அந்த இடத்திலேயே கசியும். மூளைக்கு இரத்தத்திலிருந்து எதையும் இலேசில் உள்ளே விடாத ஒரு தடுப்பு இருக்கிறது. அதை உடைக்கிற கஷ்டமே இங்கே இல்லை. மருந்து ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

பலன்? 1995 இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வந்த ஆய்வில் 222 பேர், எல்லோருக்கும் நோய் திரும்பி வந்திருந்தது. நடுத்தர ஆயுட்காலம் 23 வாரத்திலிருந்து 31 வாரமானது. அடுத்த வருடம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. 2003 இல் வெளிவந்த, முதல் தடவை நோய் வந்தவர்கள் 240 பேர் மீதான ஆய்வில் 11.6 மாதம் 13.9 மாதமானது.

“இரண்டு மாதம்தானே” என்பார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். 2005 இல் டெமோசோலமைட் என்ற மாத்திரையைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வு வந்தது. அதில் நடுத்தர ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமானது. வித்தியாசம் இரண்டரை மாதம். உலகம் முழுக்க அதுவே அடிப்படைச் சிகிச்சையானது. அது சரியான முடிவுதான். இரண்டு வருடம் தாண்டி வாழ்ந்தவர்கள் 10.4 வீதத்திலிருந்து 26.5 வீதமானார்கள், அது பெரிய விடயம். வில்லைக்கு அப்படியொரு நீண்ட வால் கிடைக்கவில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். காயம் ஆறாமல் போவது, தொற்று, மூளை வீக்கம் எல்லாம் வில்லையோடு வருகின்றன. மருந்து சில மில்லிமீற்றருக்கு மேல் ஊடுருவுவதில்லை, கலங்களோ சென்ரிமீற்றர் கணக்கில் ஊர்ந்து போகின்றன. பொறியியலில் இதற்குப் பெயர் ‘முதல் பதிப்பு’. ஒரு மென்பொருளின் முதல் பதிப்பு மெதுவாக ஓடினால் அந்த எண்ணமே பிழை என்று யாராவது குப்பையில் போடுவார்களா? வில்லை வைத்த நோயாளிகளைப் பின்னால் வந்த பல மருந்தாய்வுகள் சேர்க்கவே மறுத்தன, கணக்குக் குழம்பும் என்று. வில்லையை வைத்தால் புது மருந்து ஆய்வுக்குள் போகமுடியாது என்ற நிலையில் எந்த நிபுணர் அதை வைப்பார்? புது மருந்து என்ற சொல்லுக்கு இருக்கும் கவர்ச்சி இப்படித்தான் வேலை செய்கிறது.

சரி, மூளைப் புற்றுநோய் கடினமான களம். அங்கே எதுவும் இலேசாக வெல்வதில்லை. இந்த எண்ணம் தெளிவாக வென்ற ஒரு இடம் இருக்கிறது. அங்கே நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் கோபம் வரவேண்டும்.

சிறுநீர்ப்பைப் புற்றுநோய். பெரும்பாலும் வயதான ஆண்களுக்கு வருவது, முதல் காரணம் புகைத்தல். எங்கள் பெரியப்பாமார், மாமாமார் எத்தனை பேர் குளிரில் வெளியே நின்று ஊதினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆரம்பக் கட்டத்தில் பிடித்தால் சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் திரும்பத் திரும்ப வருவதில் இதற்கு இணையான புற்றுநோய்கள் மிகக் குறைவு. அதனால்தான் வருடக்கணக்கில், தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, கமெராவை உள்ளே விட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதனைக்குப் போய்வந்த ஒருவரின் முகத்தைப் பார்த்திருந்தால் நான் மேலே சொல்லத் தேவையில்லை.

ஏன் திரும்ப வருகிறது? ஒரு காரணம் மிகச் சாதாரணமானது. சுரண்டும்போது கலங்கள் பிய்ந்து சிறுநீர்ப்பைக்குள் மிதக்கின்றன. பச்சைக் காயம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே போய் ஒட்டிக்கொள்கின்றன. அப்படியென்றால் அவை ஒட்டுவதற்கு முதல், அன்றைக்கே, பைக்குள் ஒரு தடவை கீமோ மருந்தை விட்டு ஒரு மணித்தியாலம் வைத்திருந்து வெளியே விட்டால் என்ன? இரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். முடி கொட்டாது. சத்திரசிகிச்சைக்காகப் போட்ட குழாய் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. ஒரு சிரிஞ்ச் போதும்.

செய்து பார்த்தார்கள். 2004 இல் ஏழு ஆய்வுகளை, 1,476 நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, அந்த ஒரு தடவை மருந்து பெற்றவர்களில் 36.7 வீதமானோருக்கு நோய் திரும்பியது. பெறாதவர்களில் 48.4 வீதம். ஒரே ஒரு தடவைக்கு!

இப்போது இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் 1997 முதல் 2004 வரை காப்புறுதிப் பதிவுகளைப் பார்த்த ஒரு ஆய்வு, சிறுநீர்ப்பையில் இப்படிச் சத்திரசிகிச்சை அல்லது திசுப் பரிசோதனை செய்த 14,677 புது நோயாளிகளில் எத்தனை பேருக்கு அன்றைக்கே மருந்து விட்டார்கள் என்று எண்ணியது. 49 பேர். வீதமாகச் சொன்னால் 0.33. எழுத்துப் பிழை இல்லை.

எல்லோருக்கும் இது பொருந்தாது என்பது உண்மை. சிறுநீர்ப்பையில் துளை விழுந்திருந்தால், இரத்தம் நிற்காமல் போனால், விடக்கூடாது. மருந்து வெளியே கசிந்தால் ஆபத்து. தீவிர வகை நோய் என்றால் இந்த ஒரு தடவை மட்டும் போதாது. ஆனால் 14,677 பேரில் 14,628 பேருக்கும் துளை விழுந்தது என்று சொல்ல வருகிறீர்களா?

ஏன் நடக்கவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அது என் தொழிலிலிருந்து வருகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு வைத்தியசாலைக் குழுமத்தின் மருந்துக் கட்டளை மென்பொருளில் வேலை செய்தேன். சத்திரசிகிச்சை அறையில் கொடுக்க வேண்டிய ஒரு மருந்தை (இது அல்ல, வேறொன்று) எந்தப் பிரிவின் செலவில் எழுதுவது என்று இரண்டு பிரிவுகள் மூன்று கூட்டம் சண்டை பிடித்தன. அந்த மருந்து நல்லதா கெட்டதா என்று ஒருவரும் விவாதிக்கவில்லை, அதில் எல்லோருக்கும் ஒரே கருத்துத்தான். இதை வைத்துச் சிறுநீர்ப்பை மருந்தை யோசியுங்கள். கீமோ என்பதால் தனிப் பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கலக்க வேண்டும். அதற்குப் பயிற்சி பெற்ற மருந்தாளர் வேண்டும். வெட்டி முடிக்கும்வரை தேவையா இல்லையா என்று உறுதியாகத் தெரியாது. முன்கூட்டியே கலந்து வைத்துவிட்டுத் தேவைப்படாவிட்டால் கொட்ட வேண்டும், கொட்டியதற்கு யார் கணக்கு? கண்விழிப்பு அறைத் தாதிக்குக் கீமோ கையாளும் பயிற்சி இருக்கிறதா? பின்னேரம் ஐந்து மணிக்கு முடிந்த சத்திரசிகிச்சைக்கு யார் காத்திருப்பார்? இதில் ஒன்றுகூட விஞ்ஞானப் பிரச்சினை இல்லை. எல்லாம் ஒழுங்குபடுத்தும் பிரச்சினை, எங்களைப் போன்றவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு தினமும் தீர்க்கிற வகை. பீட்சாவை முப்பது நிமிடத்தில் வாசலுக்குக் கொண்டுவர ஒழுங்கு செய்யத் தெரிந்த சமூகத்துக்கு, ஒரு சிரிஞ்சை அடுத்த அறைக்குக் கொண்டுபோகத் தெரியவில்லை.

2018 இல் இன்னொரு ஆய்வு வந்தது, 406 பேர். இந்தத் தடவை ஜெம்சிட்டபின், காப்புரிமை எப்போதோ முடிந்த மருந்து. இரண்டு கிராமை 100 மில்லிலீற்றர் உப்புநீரில் கரைத்து, மூன்று மணித்தியாலத்துக்குள் உள்ளே விட்டார்கள். மற்றக் குழுவுக்கு வெறும் உப்புநீர். நான்கு வருடத்தில் நோய் திரும்பியது 35 வீதம், உப்புநீர்க் குழுவில் 47 வீதம். தீவிரம் குறைந்த வகை நோயில் வித்தியாசம் இன்னும் பெரிது: 34 எதிர் 54. இந்தச் செய்தியை உங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் யாராவது அனுப்பினார்களா? அனுப்பியிருக்கமாட்டார்கள். 2023 இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் ஒரு ஜெல்லை மூளைக் கட்டி எடுத்த குழிக்குள் நிரப்பியபோது எல்லா எலிகளும் பிழைத்தன என்ற செய்தி உலகம் சுற்றியது. எலிகளைப் பற்றிச் சந்தோஷம்தான், அதுவும் இதே எண்ணத்தின் பிள்ளை, எனக்கு அதில் உண்மையான நம்பிக்கையும் உண்டு. ஆனால் மனிதரில் நிரூபித்த விடயம் ஒரு மூலையில் கிடக்க, எலியில் நடந்ததற்கு நாங்கள் வெடி கொளுத்துகிறோம்.

இதைவிடப் பக்கத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்த ஒரு கதை. உங்கள் அப்பா அம்மாவின் இடது கையில், தோளுக்குக் கீழே ஒரு சின்ன வட்டத் தழும்பு இருக்கும். காசநோய்க்குப் போட்ட பி.சி.ஜி. தடுப்பூசி. அதே பி.சி.ஜி.யைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டால் அங்கே நோயெதிர்ப்பு விழித்தெழுந்து புற்றுநோய்க் கலங்களைத் தாக்கும் என்று காட்டியவர் அல்வாரோ மொராலெஸ். இடம் ஒன்ராறியோவின் கிங்ஸ்ரன், குயின்ஸ் பல்கலைக்கழகம். 1976 இல் வெளியான அந்த முதல் அறிக்கையில் நோயாளிகள் ஒன்பதே ஒன்பது பேர். ரொறன்ரோவிலிருந்து காரில் மூன்று மணித்தியாலத்துக்குள் போகலாம். நாங்கள் மொன்றியலுக்குக் கலியாணவீட்டுக்குப் போகிற வழியில் ரிம் ஹோர்ட்டன்ஸுக்கு இறங்குகிற ஊர். தீவிர வகைச் சிறுநீர்ப்பை நோயில், சுரண்டி எடுத்த பிறகு திரும்ப வராமல் தடுக்க இன்றுவரை முதலில் நாடுவது இந்தப் பழைய தடுப்பூசியைத்தான்.

அதைத் தயாரித்த முக்கிய இடங்களில் ஒன்று ரொறன்ரோவில் ஸ்டீல்ஸ் அவெனியூவில் இருந்த சனோஃபியின் தொழிற்சாலை. 2011 இல் அங்கே தண்ணீர் புகுந்தது. 2012 இல் உற்பத்தி நின்றது. திரும்பத் தொடங்கினாலும் பழைய அளவுக்கு ஒருபோதும் வரவில்லை. 2016 இல் இனித் தயாரிக்கவே போவதில்லை என்று கொம்பனி அறிவித்தது. அதன் பிறகு அமெரிக்காவுக்கு ஒரேயொரு தயாரிப்பாளர்தான் மிஞ்சினார். தட்டுப்பாட்டில் ஒரு குப்பியை மூன்று நோயாளிகளுக்குப் பங்குபோட வேண்டி வந்தது. மெதுவாக வளர்கிற உயிருள்ள கிருமி, தயாரிக்க மாதக்கணக்கு, விற்றால் வருவதோ கொஞ்சக் காசு. வேறு யாரும் ஓடிவரவில்லை. எங்களில் பலர் அந்தத் தொழிற்சாலையைத் தாண்டித்தான் யோர்க் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் போனோம். உலகத்தில் எத்தனையோ ஆட்களின் நோய் திரும்பாமல் இருந்தது அந்தச் சுவருக்குள் இருந்த சில தொட்டிகளால் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

இனி உங்களிடம் நேராக வருகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிற தம்பி தங்கச்சிமாரே, உங்கள் வீட்டில் ஒரு ஏணி இருக்கிறது. உச்சிப்படியில் டொக்டர். அடுத்தபடி என்ஜினியர். “மெடிசின் கிடைக்காட்டி என்ஜினியரிங் செய்” என்று சொல்லும்போது அதற்குள் ஒரு தீர்ப்பு இருக்கிறது: உயிரைக் காப்பாற்றுவது டொக்டரின் வேலை, நீ கொம்பியூட்டர் தட்டு. இந்த ஏணியை நான் மதிக்கவில்லை. பொலிமர் எவ்வளவு வேகத்தில் கரையும் என்று கணக்குப் போடுவது இரசாயனப் பொறியியல். மருந்து திசுவுக்குள் எத்தனை மில்லிமீற்றர் போகும் என்பது நீங்கள் இப்போது பரீட்சைக்குப் பாடமாக்கி மறக்கப்போகிற பரவல் சமன்பாடு. சிரிஞ்ச் மூன்று மணித்தியாலத்துக்குள் படுக்கைக்கு வந்து சேர்வது கைத்தொழிற் பொறியியல். பழைய தொழிற்சாலை ஒன்றில் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்வது குடிசார்ப் பொறியியல். அன்ரிமாருக்கு இது விளங்காது. விளங்கவைக்கிறதும் உங்கள் வேலையில்லை, படித்துவிட்டுச் செய்யுங்கள்.

டொக்டராகப் போகிறவர்களுக்கும் ஒன்று. எத்தனை பேரை வெட்டினேன் என்பதோடு, எத்தனை பேருக்கு அன்றைக்கே மருந்து விட்டேன் என்றும் ஒரு கணக்கு வைத்திருங்கள். உங்கள் வைத்தியசாலை அந்தக் கணக்கை வெளியிடுகிறதா என்று கேளுங்கள்.

மற்ற எல்லோருக்கும் ஒரு வீட்டு வேலை. அப்பாவிடமோ மாமாவிடமோ, கூச்சம் பார்க்காமல், சிறுநீரில் எப்போதாவது இரத்தம் கண்டதா என்று கேளுங்கள். நோவு இல்லாமல் ஒருநாள் வந்து, பிறகு தானாக நின்றுவிடும். நின்றதால் அவர் சொல்லியிருக்கமாட்டார். கண்டிருந்தால் குடும்ப டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். சத்திரசிகிச்சை என்று முடிவானால் அவரோடு நீங்களும் அறைக்குள் போங்கள், மொழிபெயர்க்க மட்டுமல்ல. “முடிந்தவுடன் பைக்குள் மருந்து விடுவீர்களா? விடாவிட்டால் என்ன காரணம்?” இந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நியாயமான காரணம் இருந்தால் அவர் சொல்லுவார். “டொக்டரைக் கேள்வி கேட்காதே, கோவிப்பார்” என்று அம்மா பக்கத்திலிருந்து கையைக் கிள்ளுவா. கிள்ளட்டும். ஆனால் அதைச் சத்திரசிகிச்சைக்கு முதல் வருகிற சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். அன்றைக்குப் பின்னேரம் கண்விழிப்பு அறையில் நின்று கேட்டால், மருந்தாளர் வீட்டுக்குப் போயிருப்பார்.